தனியாக எடுத்து வைத்த கோழி

ரேணிகுண்டா ரயில் நிலையத்தில், எங்கள் ஆய்வகத்துக்கு வந்திருந்த பெட்டியை வாங்கப் பார்சல் அலுவலகத்தில் நின்றிருந்தேன். அப்போது சித்தூரிலிருந்து அம்மா போன் செய்தாள். "சற்குணம் போயிட்டான்மா. கடையிலயே மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ள முடிஞ்சிபோச்சி" என்றாள். அம்மா அழுகிறாளா என்று காது கொடுத்துப் பார்த்தேன். அழவில்லை. நானும் அழவில்லை. கையெழுத்துப் போட்டுப் பெட்டியை வாங்கி ஆட்டோவில் ஏற்றிய பிறகு, எங்கே போகணும் என்று ஓட்டுநர் தெலுங்கில் கேட்டார். ஆய்வகம் என்பதற்குப் பதிலாகச் சித்தூர் என்று சொல்லிவிட்டேன்.

சற்குணம் அண்ணனை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன். இந்தச் சபை மலரைப் படிக்கிறவர்களில் பெரும்பாலோர் அவர் கடையில் கறி வாங்கியவர்கள். ஞாயிறு காலையில் அவருடைய கனத்த குரலைப் பின்பற்றிப் பாடியவர்கள். அடக்க ஆராதனையில் போதகர் அவரை நேர்மையான வியாபாரி என்றார். அப்போது சிலர் தலையைத் திருப்பி, கடைசி வரிசையில் நின்றிருந்த என்னைப் பார்த்தார்கள். ஏன் பார்த்தார்கள் என்பது பழையவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு அரைகுறையாகத் தெரிந்திருக்கும். எழுதச் சொன்னது அவருடைய மனைவி எஸ்தர் அண்ணி. அதனால் முதலிலிருந்தே எழுதிவிடுகிறேன்.

நான் திருப்பதியில் ஓர் உணவுப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். இறைச்சியில் இருக்கக்கூடாத மருந்துகள் இருக்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. நோய் வந்த கோழிக்கு மருந்து கொடுப்பதில் தவறில்லை. அந்த மருந்து உடம்பைவிட்டு வெளியேறும்வரை பொறுக்காமல் வெட்டி விற்பதுதான் தவறு. சில மருந்துகளையோ உணவுக்காக வளர்க்கும் உயிர்களுக்குக் கொடுக்கவே கூடாது. குளோராம்பெனிகால் அப்படிப்பட்டது. அபூர்வமாகச் சிலருக்கு அது உடம்பில் ரத்தம் ஊறுவதையே நிறுத்திவிடும். யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. ஆகவே இவ்வளவு வரை பரவாயில்லை என்ற பேச்சே அதில் கிடையாது. முன்பெல்லாம் இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவிக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பிறகு, கர்ப்பம் பார்க்கிற அட்டையைப் போன்ற சின்ன அட்டைகள் வந்தன. கறித்துண்டை அரைத்து, கரைசல் ஊற்றிக் குலுக்கி, தெளிந்த நீரைச் சொட்டுவிட்டால் போதும். இரண்டு கோடு தெரிந்தால் அந்த மருந்து இல்லை. ஒரு கோடு மட்டும் தெரிந்தால் சந்தேகம். பெரிய கருவியில் உறுதி செய்ய வேண்டும்.

இந்த அட்டைகளைக் கடைகளிலேயே வைத்துப் பார்க்கலாம் என்று ஆய்வகத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு சித்தூர் கடைவீதிக்கு வந்தேன். ஒவ்வொரு கறிக்கடையாக ஏறி இறங்கினேன். ஒருவர் மாமிசத்தை மூடி வைத்தார். இன்னொருவர் "வத்தம்மா, வெள்ளண்டி" என்று, வேண்டாம்மா, போய்விடுங்கள் என்று, தெலுங்கில் சொல்லிக் கும்பிட்டு அனுப்பிவைத்தார். என்னைக் கண்டதும் ஷட்டரைப் பாதி இறக்கியவரும் உண்டு. கடைசியாகத்தான் சற்குணம் அண்ணன் கடைக்குப் போனேன். நம்முடைய ஆளிடம் போய் இதைக் கேட்பதா என்று கூச்சமாக இருந்தது. நான் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, வெட்டுக் கட்டையைத் துடைத்து ஒரு மூலையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார். "இதுக்குப் போயி ஊரெல்லாம் சுத்தினியா கிரேஸு? மொதல்ல நம்ம கடைக்கு இல்ல வந்திருக்கணும்?" என்றார்.

அன்றிலிருந்து வாரந்தோறும் போனேன். தட்டில் தயாராகக் கறித்துண்டு எடுத்து வைத்திருப்பார். வாடிக்கையாளர்கள் எட்டிப் பார்ப்பார்கள். அட்டையில் கோடு ஏறுவதை அவரே விளக்குவார். தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை. "ரெண்டு கோடு வந்தா வீட்டுக்கு, ஒரு கோடு வந்தா குப்பைக்கு" என்பது அவர் உண்டாக்கிய வாசகம். நான் மூச்சுப் பிடித்து விளக்கியும் ஏறாதது அந்த ஒரு வரியில் எல்லாருக்கும் ஏறியது. கடை வாசலில் 'பரிசோதிக்கப்பட்ட இறைச்சி' என்று ஒரு பலகை மாட்டினோம். அதில் எங்கள் ஆய்வகத்தின் பெயரும் இருந்தது. எப்போது பார்த்தாலும் இரண்டு கோடு. திருப்பதிக்குத் திரும்பி, சுத்தமாகக் கறி விற்க முடியும் என்பதற்குச் சித்தூரில் ஒரு கடை இருக்கிறது என்று கூட்டங்களில் பேசினேன். என் மேலதிகாரிக்கு அவரைப் பார்க்கவேண்டும் என்று ஆசை வந்தது. அழைத்துப் போனேன். அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு நின்றார்.

அவரை நான் நம்பியது அட்டையைப் பார்த்து மட்டுமல்ல. நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) இறந்தபோது சொந்தக்காரர்கள் வேலூரிலிருந்து வந்து சேர்வதற்குள் எல்லா ஏற்பாட்டையும் செய்து முடித்தவர் அவர். கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டுகிறவர்கள் வராமல்போக, தானே மண்வெட்டியை எடுத்தார். அடுத்த மழைக்காலத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். நான் திருப்பதியிலிருந்து தினமும் வந்துபோக முடியாது. தினமும் சூப்புக்குக் கோழி வந்தது, எலும்பு தட்டி, தோல் உரித்து. காய்ச்சல் போன பிறகும் சனிக்கிழமை தவறாமல் வந்தது. அம்மா வேண்டாம் என்றால், "நீங்க நம்ம மனுசங்க. நம்ம மனுசங்களுக்கு நான் பாக்காம யாரு பாப்பாங்க?" என்பார். நம்ம மனுசங்க என்பது அவர் அடிக்கடி சொல்கிற வார்த்தை. உங்களில் பலரிடமும் சொல்லியிருப்பார். அதைக் கேட்கும்போது நெஞ்சு குளிரும்.

நம் மிஷன் விடுதியைப் பற்றி உங்களுக்குத் தெரியும். சின்ன வயதிலேயே தாய் தகப்பனை இழந்து அண்ணன் வளர்ந்தது அங்கேதான். ஞாயிறு மதியம் பிள்ளைகளுக்குக் கோழிக்கறி போடுவதை ஆரம்பித்ததே அவர்தான் என்று வார்டன் அம்மா சொல்வார். கறியை மற்றவர்களைவிடக் குறைந்த விலைக்கு அவரே கொடுத்தார். கடையில் பலகை மாட்டிய வருடம் விடுதி ஆண்டு விழாவில் பிள்ளைகளுக்கு அறிவியல் ஏதாவது செய்து காட்டச் சொல்லி வார்டன் அம்மா என்னை அழைத்தார். அட்டைகளை எடுத்துப் போனேன். காலையில் அண்ணன் கடையிலிருந்து வந்திருந்த கறியில் ஒரு துண்டை, சமையல்காரம்மாவே பாத்திரத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான் அரைத்தேன், குலுக்கினேன், சொட்டுவிட்டேன். அண்ணனுடைய வாசகத்தைச் சொல்லிக் கொடுத்தேன். பிள்ளைகள் மேசையைச் சுற்றி நின்று இரண்டாவது கோட்டுக்காகக் காத்திருந்தார்கள்.

முன்னால் நின்ற ஒரு சிறுமி, "ஆண்ட்டி, ஒன்னுதான் வருது" என்றாள்.

கெட்டுப்போன அட்டையாக இருக்கும் என்று சொல்லி இன்னொன்றில் பார்த்தேன். பிறகு வேறொரு துண்டை எடுத்துப் பார்த்தேன். ஒரு கோடுதான். "அப்ப குப்பைக்கா ஆண்ட்டி?" என்று அதே சிறுமி கேட்டாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. சமையல்காரம்மாவை அணைக்கச் சொன்னேன். அன்று பிள்ளைகள் சாம்பார் சாதமும் அவித்த முட்டையும் சாப்பிட்டார்கள். வாரம் முழுக்க அந்தக் கறிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள். ஒரு பிள்ளையும் முகம் சுளிக்கவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

அங்கிருந்து நேராகக் கடைக்குப் போனேன். வழியெல்லாம் அவருக்காக நானே சமாதானம் தேடிக்கொண்டு போனேன். பண்ணைக்காரன் ஏமாற்றியிருப்பான். கூண்டு மாறியிருக்கும். இதைக் கேட்டதும் அண்ணன் துடித்துப்போவார் என்றுதான் நினைத்தேன். வாங்க நின்றவர்களை அனுப்பிவிட்டுக் கத்தியைக் கீழே வைத்தார். நான் சொன்னதைக் கேட்டார். அவர் துடிக்கவில்லை.

"அத எதுக்கும்மா பாத்த? கேட்டிருந்தா நானே ஒரு துண்டு எடுத்துக் குடுத்திருப்பேன் இல்ல" என்றார்.

ஒரு நிமிடம் எனக்கு விளங்கவில்லை. விளங்கிய பிறகு, "அப்ப இத்தன நாளா எனக்கு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டேன்.

"அது வேற. அது நல்ல பண்ணைக் கோழி. தனியா வச்சிக்கினு இருப்பேன்."

நோய் கண்ட பண்ணைகளில், மருந்து கொடுத்துச் சாகாமல் நிறுத்தி வைத்த கோழிகளை மலிவாகத் தள்ளிவிடுகிறார்கள். அவற்றைத் தெரிந்தேதான் வாங்கியிருக்கிறார். விடுதி கேட்கும் விலைக்கு நல்ல கோழி கட்டுப்படியாகாது, அதையும் நிறுத்தினால் பிள்ளைகள் கறியையே கண்ணில் பார்க்கமாட்டார்கள், தான் அங்கே இருந்த காலத்தில் பண்டிகைக்குக்கூடக் கறி கிடையாது என்றெல்லாம் சொன்னார். அதில் பொய் இல்லை என்றே நினைக்கிறேன். ஆனால் மிச்சத்தைக் கடையிலும் விற்றிருக்கிறார்; என் பலகைக்குக் கீழே நின்று விற்றிருக்கிறார். அதைச் சொன்னேன். வெட்டுக் கட்டையைத் துணியால் துடைத்தார். பிறகு, எனக்கு ஆறுதல் சொல்கிற குரலில் சொன்னார்:

"உங்க வீட்டுக்கு ஒரு நாளும் அத அனுப்பினதில்ல கிரேஸு. சத்தியமா. எங்க வீட்டுக்கு எதுவோ உங்க வீட்டுக்கும் அதுதான். வேணும்னா அம்மாவக் கேட்டுப் பாரு."

அந்த நேரம்வரை ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன். மருந்தின் கொடுமை தெரியாமல் செய்திருப்பார், படிக்காதவர், நான் சரியாக விளக்கவில்லை என்று. அம்மாவின் சூப்புக்கு வேறு கோழியைத் தேர்ந்தெடுத்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. எங்கள்மேல் அவர் வைத்த பாசமே அதற்குச் சாட்சியாகிவிட்டது. நாற்காலியை இழுத்துப்போட்டு ஏறி நானே பலகையைக் கழற்றினேன். அவர் தடுக்கவில்லை. விழுந்துவிடப்போகிறேன் என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

விடுதியில் எடுத்த கறியைத் திருப்பதியில் பெரிய கருவியில் பார்த்தோம். உறுதியானது. உணவுப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தெரிவித்தோம். அவர்கள் வந்து மாதிரி எடுத்து, மேற்கொண்டு நடவடிக்கை எடுத்தார்கள். அபராதம் கட்டிவிட்டு அவர் மறுபடியும் கடையைத் திறந்தார்.

அதற்குப் பிறகு சபைக் கமிட்டி கூடியது. உங்களில் சிலர் அந்த அறையில் இருந்தீர்கள். பிள்ளைகளின் உடம்பைப் பற்றி அங்கே முதலில் பேசுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். மூத்தவர் ஒருவர் எழுந்து, "சபைக்குள்ள இருந்துக்கினே நம்ம ஆளக் காட்டிக் குடுத்துட்டியேம்மா" என்றார். நம் வேதப் புத்தகத்தில் காட்டிக்கொடுத்தவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். நான் சற்குணம் அண்ணனைப் பார்த்தேன். எதிர் நாற்காலியில் இருந்தார். கிரேஸ் சொல்வது உண்மைதான் என்று அவர் சொல்லியிருந்தால் போதும். அவர் குரலைக் கேட்டு அந்த அறையில் இருந்த எல்லாரும் கோயிலில் எழுந்து பாடியிருக்கிறார்கள், அன்றைக்கும் கேட்டிருப்பார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சின்ன விஷயத்தைப் பெரிதாக்கியவள் நான் என்று ஆனது. அவர் செய்த வியாபாரத்தை ஒருவேளை மறந்திருப்பேன். அந்த மௌனத்தை மறக்க முடியவில்லை.

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அவரைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், அல்லது என்னை. "அந்தப் புள்ளைங்களுக்கு அதப் போட்டுட்டு நமக்கு இத அனுப்பியிருக்கானே. நாம துன்னுட்டமே" என்றாள். அடுத்த சனிக்கிழமையும் கோழி வந்தது. அம்மா கதவருகிலேயே நின்று திருப்பி அனுப்பினாள். அதற்குப் பிறகு கோயிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர்கள் இடம் மாறினார்கள். காலங்காலமாகப் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட வீடுகள் தட்டை அனுப்பவில்லை. அம்மா என்னிடம் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

அண்ணனை அதன் பிறகு ஒருமுறைதான் அருகில் பார்த்தேன். போன வருடம், சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பேருந்தில். கூட்டம். என் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது. ஏறி வந்தவர் என்னைப் பார்த்துத் தயங்கினார். நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தார். மாங்கூழ்த் தொழிற்சாலைகளில் வேலை குறைந்ததை, தன் முழங்கால் வலியை, மகள் பெங்களூரில் வேலைக்குப் போனதை. அந்த ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் பேசினார். அடுத்த ஊர் தாண்டியதும் சொல்வார், அடுத்த ஊர் தாண்டியதும் சொல்வார் என்று நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தேன். தனியாக என்னிடம் சொன்னால்கூடப் போதும் என்று இருந்தது. திருப்பதி நிலையத்துக்குள் பேருந்து திரும்பியபோது என் பக்கம் சாய்ந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அம்மா எளச்சிப்போயிருக்காங்க, கோயில்ல பாத்தேன். நல்ல கோழியா ஒன்னு அனுப்பட்டுமா?"

வேண்டாம் அண்ணா என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை என்று அன்றுதான் எனக்குப் பட்டது. அவர் மனத்தில் மனிதர்கள் இரண்டு கூண்டுகளில் இருந்தார்கள். தன்னவர்களுக்காக எதையும் செய்வார். மற்றவர்கள் அவர் கண்ணில் படுவதே இல்லை. தான் வளர்ந்த விடுதியின் பிள்ளைகளே மற்றவர்கள் ஆகிப்போனது எப்படி என்று மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. கேட்டிருக்கலாம். அவர் சொல்லியிருக்க மாட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் எஸ்தர் அண்ணி வரச்சொன்னார். மலருக்கு எழுதக் கேட்டார். என்ன எழுதுவேன் என்று தெரியுமில்லையா அண்ணி என்றேன்.

"தெரிஞ்சிதான் கேக்கறேன். எல்லாரும் நல்லத எழுதுவாங்க. அதுவும் பொய்யில்ல, அவரு நல்லவருதான். ஆனா அன்னிக்கி கமிட்டில அவங்க உன்னப் பேசனத வேடிக்கை பாத்தாரு. வீட்டுக்கு வந்து சாப்பிடல. போயி உண்மைய சொல்லிடுங்கன்னு நான் சொன்னேன். சொல்லவேயில்ல" என்றார். பிறகு, "எங்க அடுப்புல வெந்ததும் அந்தத் தனிக் கோழிதான் கிரேஸு. எனக்கும் தெரியும். அதையும் எழுதிக்கோ" என்றார்.

அதனால் அதையும் எழுதிவிட்டேன். அவர் மாரடைப்பில் போனதைத் தண்டனை என்று என் காதில் வந்து சொன்னவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். அது தண்டனை இல்லை. அவர் வயதில் பலருக்கும் வருவதுதான் அவருக்கும் வந்தது. காட்டிக்கொடுத்தவள் என்று என்னைச் சொன்னவர்களே இன்று இதையும் சொல்வதைக் கேட்க எனக்குச் சந்தோஷமாக இல்லை. நைனாவின் குழியில் அவர் வெட்டிய மண் உண்மை. அம்மாவைப் பிழைக்கவைத்த சூப்பு உண்மை. அவர் அன்பை நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. அதனால்தான் ஆறவில்லை.

விடுதிப் பிள்ளைகளுக்கு இப்போது வேறு கடையிலிருந்து கறி வருகிறது. மாதம் இருமுறை, விலை அதிகம் என்பதால் வாரந்தோறும் முடிவதில்லை. நான் பண்ணைகளுக்கும் கடைகளுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். ஏர்பேட்டுப் பக்கம் இப்போது அதிகம் போகிறேன். போகிற இடமெல்லாம் நல்ல மனிதர்கள். உட்காரச் சொல்லி மோர் கொடுப்பார்கள், என் அம்மாவை விசாரிப்பார்கள், எனக்குச் சிரமம் வேண்டாம் என்று ஒரு கோழியை முன்னாலேயே பிடித்து வைத்திருப்பார்கள். அதை அன்போடுதான் நீட்டுகிறார்கள். நன்றி சொல்லி அதை ஒதுக்கிவிட்டு, கூண்டின் கடைசிவரை கையை விட்டு, யாரும் எனக்காக எடுத்து வைக்காத ஒன்றைப் பிடித்து இழுக்கிறேன். நீட்டியவரின் முகம் ஒவ்வொரு முறையும் வாடுகிறது. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே கூண்டுக்குள் கையை விடப் பழகியிருக்கிறேன். சற்குணம் அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.